மோட்டார் வீடும் மலையிறக்கமும்

ஓடுவனவற்றை உலகம் வியக்கின்றது. அவற்றை நிறுத்துவனவற்றை நினைப்பவர் சிலரே. புதிதாக மோட்டார் வாங்கிய ஒருவரை அணுகி, "இது மணிக்கு எத்தனை மைல் செல்லும்?" என்று வினவாதார் இல்லை. "இஃது எத்தனை அடிக்குள் நிற்கும்?" என்று வினவினாரை யாம் இதுகாறும் கண்டிலோம். யாம் இக்கலாசாலையில் பௌதிகம் பயின்று வெளியேறிய பின்னர், காலகதியால் அமெரிக்க நாட்டின் கொலராடோ மாகாணத்தை அடைந்து, டென்வர் நகரில் கனவண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்து வருகின்றோம். அத்தொழிலுள்ளும் பெரும்பகுதி பிரேக்குத் தொழிலே. ஆகவே, பழைய மாணவர் என்னும் உரிமை பற்றி நம் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதுமாறு கேட்கப்பட்டபோது, எமக்கு நன்கு தெரிந்த பொருள் அதுவேயாதலின் அதனையே எழுதத் துணிந்தோம். பட்டறைப் புழுதி படிந்த பொருள் இப்பக்கங்களுக்கு ஏற்குமோ என்று ஐயுறும் அன்பர்கள் சற்றே பொறுத்துப் படிப்பார்களாக.

மோட்டார் வீடு என்பது யாதெனில், ஒரு பேருந்தின் உடலுக்குள் ஒரு குடும்பத்தின் இல்லத்தை அடக்கி வைத்த வண்டியாகும். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை, நீர்த்தொட்டி ஆகிய யாவும் அதனுள் உண்டு. நத்தை தன் வீட்டைத் தானே சுமந்து செல்வதுபோல, இந்நாட்டார் பலர் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் இத்தகைய வண்டியொன்றை வாங்கி, மலையும் கடலும் பாலைவனமும் கண்டு திரிகின்றனர். பெரிய மோட்டார் வீடு ஒன்று பன்னிரண்டு டன் எடை இருத்தல் கூடும். அவ்வெடையும் ஒரு நிலையில் நிற்பதன்று. தொட்டியில் நூறு காலன் நீர் நிரப்பினால், அதுவே ஏறக்குறைய 380 கிலோ ஆகும். பின்னர்ப் பாத்திரங்கள், புத்தகங்கள், நண்பர் தந்த நாற்காலிகள் என ஒவ்வொன்றாய்ச் சேரும். வீடு என்று பெயர் பெற்றுவிட்ட எதுவும் நாளடைவில் கனக்குமேயன்றி இலேசாகாது.

ஈண்டு ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. இதே எடையுள்ள சரக்கு லாரியை வாடகைக்கு ஓட்டுபவன் தனிப் பரீட்சை எழுதி உரிமம் பெறல் வேண்டும். பிரேக்கைச் சோதிக்கும் முறையை மனப்பாடமாக ஒப்பிக்கவும் வேண்டும். ஆனால் தன் சொந்த உல்லாசத்துக்கு மோட்டார் வீடு ஓட்டுபவரிடம், இந்நாட்டு மாகாணங்கள் பலவும் சாதாரணக் கார் உரிமத்துக்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. எனவே, வண்டி லாரியின் வண்டியாகவும், ஓட்டுபவர் காரின் ஓட்டுநராகவும் இருக்கும் விந்தை நேர்கின்றது.

எம் அண்ணாச்சி ஒருவர் அத்தகையோருள் ஒருவர். அவர் எமக்குப் பத்தாண்டு முன்னர் இக்கலாசாலையில் பயின்றவர். கான்ஸஸ் மாகாணத்தில் முப்பது ஆண்டுகள் கணித ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். 1992-இல் செய்யப்பட்ட பழைய மோட்டார் வீடு ஒன்றை அவர் வாங்கியிருந்தார். சென்ற கோடை விடுமுறையின் முடிவில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் மதினியையும் எட்டு வயதுள்ள பேத்தியையும் அதில் ஏற்றிக்கொண்டு எம் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். வண்டிக்குள் ஏறிப் பார்த்தோம். அடுப்பங்கரையில் அஞ்சறைப் பெட்டி இருந்தது. சன்னலோரம் சிறு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி ஒன்று தழைத்திருந்தது. பாளையங்கோட்டை வீடொன்று சக்கரம் பூட்டிக்கொண்டு வந்ததுபோல் எமக்குத் தோன்றிற்று.

பேத்தியின் பெற்றோர் மலைகளுக்கு அப்பால், மேற்கே 245 மைல் தொலைவிலுள்ள கிராண்ட் ஜங்ஷன் என்னும் ஊரில் இருக்கின்றனர். திங்கட்கிழமை குழந்தைக்குப் பள்ளி திறக்கின்றது. "தம்பி, நாளை விடியுமுன் புறப்பட்டால் காலைப் பலகாரத்துக்கு மகள் வீட்டில் இருப்போம்" என்றார் அண்ணாச்சி.

"பிரேக்கு எப்படி இருக்கிறது, அண்ணாச்சி?" என்றோம்.

"கல்லுப் போலப் பிடிக்கிறது. அறுநூறு மைல் வந்திருக்கிறோம், ஒருமுறையாவது பிசகியதில்லை. போதாக்குறைக்குப் புறப்படுமுன் ஒரு பட்டறையில் காட்டி ரசீதும் வாங்கி வைத்திருக்கிறேன்" என்று கூறி, அதனை எடுத்துத் தந்தார்.

ரசீதில் பிரேக்குகளைப் பார்த்ததாகவும், அவை சரியாயிருப்பதாகவும் ஒரே வரி இருந்தது. எந்தச் சக்கரத்தில் எத்தனை அங்குலம் என்னும் அளவு ஒன்றும் இல்லை. "அண்ணாச்சி, ஒரு மாணவன் விடைத்தாளில் வழி ஒன்றும் காட்டாமல், விடை சரி என்று மட்டும் எழுதித் தந்தால், தாங்கள் மதிப்பெண் இடுவீர்களா?" என்று கேட்டோம். அண்ணாச்சியின் முகம் சற்றே வாடிற்று. வண்டியை ஓட்டி வந்தவர் அவர். அதன்மேல் வைத்த நம்பிக்கை தம்மேல் வைத்த நம்பிக்கையாகவே அவருக்கு இருந்தது. அவர் விடை கூறுமுன் மதினி, "தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை ஒரு நாள் பிந்திப் போனாலும் போகட்டும், பார்த்துவிட்டே போவோம்" என்றார். அவ்வொரு சொல்லால் சனிக்கிழமைப் பிரயாணம் நின்றது.

இது நிற்க, அறுநூறு மைல் பிசகாமல் வந்த பிரேக்கை ஐயுறுதற்குக் காரணம் என்னை என்று அன்பர்கள் வினவலாம். காரணம் மிக எளிது. கான்ஸஸ் சமவெளி, கொலராடோவின் மேற்குப் பாதி மலை. சமவெளியில் பிரேக்கு ஒரு கணம் உழைத்து நெடுநேரம் இளைப்பாறும். மலையிறக்கத்தில் அதற்கு இளைப்பாறுதல் இல்லை.

பௌதிகம் பயிலும் மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். டென்வருக்கு மேற்கே செல்லும் பெருஞ்சாலை, ஐசனோவர் குகைவழியில் 11,158 அடி உயரத்தை எட்டுகின்றது. அது நம் தொட்டபெட்டாச் சிகரத்தினும் 760 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடம். அங்கிருந்து சுமார் எட்டு மைல் தூரத்துக்குள் சாலை ஏறக்குறைய 2,000 அடி, அதாவது 600 மீட்டர் இறங்குகின்றது. சிலவிடங்களில் நூறடிக்கு ஏழடி சரிவு. பன்னிரண்டு டன் எடையுள்ள வண்டி 600 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏழு கோடி ஜூலுக்கு மேற்பட்டது. அச்சக்தி முழுவதும் உஷ்ணமாய் நீரில் இறங்குமாயின், பதினைந்து லிட்டர் கொள்ளும் குடங்கள் பதினாறில் உள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதில் ஒரு பங்கை எதிர்க்காற்று ஏற்கும். ஒரு பங்கை எஞ்சின் ஏற்கும். எஞ்சியதை யார் ஏற்பது? நான்கு சக்கரங்களிலும் உள்ள இரும்பு டிரம்களே. பிரேக்கு என்பது வேகத்தை விழுங்கும் கருவி என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது வேகத்தை உஷ்ணமாக மாற்றும் அடுப்பேயாகும்.

இவ்வுண்மையை மோட்டாரின் பிள்ளைப் பருவத்திலேயே ஒரு பெண்மணி அனுபவத்தால் உணர்ந்தார். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டாரில், தம் இரு புதல்வரோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் பிரயாணம் செய்தார். இறக்கங்களில் மரத்தாலான பிரேக்குக் கட்டைகள் தேய்ந்துபோயின. அம்மையார் வழியிலிருந்த சக்கிலியர் ஒருவரைக் கொண்டு கட்டைகளின்மேல் தோல் வைத்துத் தைப்பித்து மேலே சென்றார். இன்று நாம் லைனிங்கு என்று வழங்குவதற்கு அத்தோலே முன்னோடி.

கனவண்டிகளில் உள்ளது ஏர் பிரேக்கு. ஜார்ஜ் வெஸ்டிங்ஹௌஸ் என்பார் ரயில் வண்டிகளுக்காக 1869-இல் காற்றால் இயங்கும் பிரேக்குக்கு உரிமை பெற்றார். அதற்கு முன்னரெல்லாம் பிரேக்குக்காரர் ஓடும் ரயிலின் கூரைமேல் பெட்டிக்குப் பெட்டி தாவிக் கைச்சக்கரத்தைத் திருகிவந்தனர். அவ்வேர் பிரேக்கின் வழித்தோன்றலே நம் ஊர்ப் பேருந்துகளிலும் லாரிகளிலும் அண்ணாச்சியின் மோட்டார் வீட்டிலும் உள்ளது. எஞ்சின் ஓர் அமுக்கியை ஓட்டிக் காற்றைத் தொட்டியில் நிறைக்கும். மிதியை அழுத்தினால் காற்று ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள சேம்பர் என்னும் இரும்புக் கிண்ணத்துள் புகுந்து, ரப்பர்ச் சவ்வை உந்தும். சவ்வு ஒரு தள்ளுகோலைத் தள்ளும். தள்ளுகோல் ஒரு நெம்புகோலைத் திருப்பும். இதனையே பட்டறையில் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்பர். நெம்புகோல் 'எஸ்' எழுத்து வடிவான கேமைத் திருப்ப, கேம் இரு ஷூக்களையும் அகற்றி, டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். முப்பது சதுர அங்குலப் பரப்புள்ள சேம்பரில், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் காற்றுப் புகுந்தால், தள்ளுகோல் 3,000 பவுண்டு விசையோடு வெளிவரும். மனிதன் ஒருவனுடைய கால் ஒருபோதும் தரவியலாத பலம் அது.

ஆனால் இப்பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. அச்சேம்பரின் தள்ளுகோல் முழுதும் நீண்டால் 2½ அங்குலம் வரும், அதற்கப்பால் வாராது. ஷூவின் லைனிங்கு நாள்தோறும் தேயத் தேய, ஷூ டிரம்மைத் தொடுவதற்குக் கோல் மேன்மேலும் நீள வேண்டியிருக்கின்றது. ஆகையால், நன்கு அழுத்தும்போது கோல் 2 அங்குலத்துக்கு மேல் நீளலாகாது என்று இந்நாட்டு விதி வரையறுத்துள்ளது. எஞ்சிய அரையங்குலம் எதற்கு? உஷ்ணத்துக்கு. பதினாறரை அங்குலக் குறுக்களவுள்ள இரும்பு டிரம் 300 டிகிரி செல்ஷியஸ் கூடுதலாகச் சூடேறினால், அதன் குறுக்களவு ஏறக்குறைய அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு விரியும். சிறிய அளவுதான், ஆயினும் கேமும் நெம்புகோலும் இடையே இருத்தலால், அவ்விரிவு தள்ளுகோலில் பன்மடங்காய்ப் பெருகும். ஷூ துரத்த, டிரம் விலகி ஓடும். முன்னரே 2¼ அங்குலம் நீண்டு பிடித்துக்கொண்டிருந்த கோல், இப்போது கிண்ணத்தின் எல்லையில் முட்டி நிற்கும். காற்று முழு அழுத்தத்தோடு உந்தினாலும், அவ்வுந்துதல் கிண்ணத்தின் இரும்பையன்றி டிரம்மை அடையாது.

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் உயிர்நிலை. சாதாரணக் காரில் பிரேக்கு எண்ணெய் கொதித்தாலும், ஷூ தேய்ந்தாலும், மிதி தாழ்ந்து இறங்கும். கால் உடனே உணரும். ஏர் பிரேக்கில் மிதி காற்றைத் திறந்துவிடும் கதவு மாத்திரமே. கோல் ஒன்றரை அங்குலம் நீண்டாலும், இரண்டேகால் அங்குலம் நீண்டாலும், மிதி காலுக்கு ஒரே வகையாகவே இருக்கும். டிரம் குளிர்ந்திருக்குங்கால் இரண்டேகாலும் வண்டியை நிறுத்திவிடும். எனவே "கல்லுப் போலப் பிடிக்கிறது" என்று அண்ணாச்சி கூறியது பொய்யன்று, முழு மெய். அம்மெய் சமவெளிக்கும் குளிர்ந்த டிரம்முக்கும் உரிய மெய். மலையைப் பற்றி அவர் காலுக்கு ஒன்றும் தெரியாது. காற்று முற்றும் குறைந்தால் தானே விழுந்து பிடிக்கும் ஸ்பிரிங்குப் பிரேக்கு இருக்கின்றதே என்பாரும் உளர். அந்த ஸ்பிரிங்கும் அதே தள்ளுகோலைத்தான் தள்ளுகின்றது. கோல் எட்டாத இடத்தை ஸ்பிரிங்கும் எட்டாது.

ஆகவே காலை நம்பாமல் அடிக்கோலை நம்புதல் வேண்டும். சனிக்கிழமை காலை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். இவ்வகை வண்டிகள் பல காற்றுப் பைகளின்மேல் அமர்ந்தவை. பையில் காற்று இறங்கினால் வண்டியின் உடல் சட்டென்று தாழ்ந்து, அடியில் இருப்பவனை நசுக்கிவிடும். வண்டியை மட்டப்படுத்தும் ஜாக்கியை நம்பியும் அடியிற் புகலாகாது. சட்டத்தின்கீழ் உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்திய பின்னரே யாம் அடியிற் சென்றோம். எஞ்சினை நிறுத்தி, தொட்டியில் காற்றழுத்தம் 100 பவுண்டு இருக்கக் கண்டு, நிறுத்துப் பிரேக்கை விடுவித்தோம். அதனை விடுவியாவிடில் கோல் முன்னரே நீண்டிருக்கும், அளவு பொய்யாகும்.

இவ்வேலைக்கு இருவர் வேண்டும்: ஒருவர் மிதிக்க, ஒருவர் அளக்க. மதினி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். யாம் ஒவ்வொரு கோலிலும், அது சேம்பரினின்று வெளிவரும் இடத்தில், சாக்குக்கட்டியால் கோடிட்டோம். "மிதியுங்கள், மதினி" என்றதும் அவர் அழுத்திப் பிடிக்க, கோடு எவ்வளவு விலகிற்று என்று அளந்தோம். பேத்தி எழுத்துப் புத்தகத்தோடு பக்கத்தில் குந்தியிருந்து, யாம் கூறிய எண்களை எழுதிக்கொண்டாள். முன் சக்கரங்களின் சேம்பர்கள் சிறியவை; அவற்றின் எல்லை 1¾ அங்குலம். இடப்பக்கம் 1½, வலப்பக்கம் 1⅝, எல்லைக்குள் அடங்கின. பின் இடச் சக்கரம் 2¼. பின் வலச் சக்கரம் 2⅛.

"இரண்டேகால் என்றால் நல்லதா, தாத்தா?" என்று கேட்டாள் குழந்தை.

அண்ணாச்சி உடனே விடை கூறவில்லை. எழுத்துப் புத்தகத்தை வாங்கி, நான்கு எண்களையும் ஒருமுறை பார்த்தார். "இல்லை, அம்மா. இந்தப் பரீட்சையில் குறைந்த எண்ணே நல்ல எண்" என்றார். பின்னர் எம்மை நோக்கி, மெல்லிய குரலில், "பிள்ளையை வைத்துக்கொண்டு இதிலா இறங்க இருந்தேன், தம்பி?" என்றார். யாம் ஒன்றும் கூறவில்லை. கூறவேண்டியதை அடிக்கோல் கூறிவிட்டது.

திருத்தும் முறை கடினமானதன்று, கவனம் வேண்டியது. முதலில் லைனிங்கின் கனத்தைப் பார்த்தோம். அது கால் அங்குலத்துக்குக் குறைந்திருந்தாலும், அதன்மேல் கிரீஸ் படிந்திருந்தாலும், வெடித்திருந்தாலும், எத்துணைத் திருகினும் பயனில்லை, மாற்றவே வேண்டும். இவ்வண்டியில் கனம் போதியதாயிருந்தது. அட்ஜஸ்டரின் தலையிலுள்ள பூட்டு வளையத்தை ஸ்பானரால் உள்ளே அழுத்தி, திருகாணியை ஷூ டிரம்மைத் தொடுமளவும் திருப்பினோம். திருப்பும்போது கேம், மிதியை அழுத்தினால் சுழலும் அதே திசையில் சுழல்கின்றதா என்று நோக்குதல் அவசியம்; மறுதிசையில் திருகுபவர் பிரேக்கை இறுக்குவதாக எண்ணித் தளர்த்துவர். ஷூ இறுகத் தொட்டபின், திருகாணியைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னுக்குத் தளர்த்தி, சக்கரம் உரசாமல் சுழல இடம் விட்டோம். பூட்டு வளையம் மீண்டும் வெளியே எழும்பிப் பூட்டிக்கொண்டதைக் கண்ணாற் கண்டோம். அது பூட்டாவிடில், வண்டி ஓடும் அதிர்ச்சியில் நம் வேலை முழுதும் தானே அவிழ்ந்துவிடும்.

கடைசிச் சக்கரத்தை அண்ணாச்சி தாமே திருத்த விரும்பினார். எழுபதை அணுகிய அப்பெரியவர், அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, நரைத்த தலையிற் புழுதி படிய, எம் சொற்படி திருகாணியைத் திருப்பினார். மீண்டும் நான்கையும் அளந்தோம். பின் சக்கரங்கள் இரண்டும் 1½ அங்குலத்துக்கு வந்தன. பேத்தி பழைய எண்களை அடித்துவிட்டுப் புதிய எண்களை எழுத முற்பட்டாள். "அடிக்காதே, பழைய எண்ணும் இருக்கட்டும். தேதி போட்டுப் பக்கத்தில் எழுது" என்றார் அண்ணாச்சி. கணித ஆசிரியர் மீண்டு வந்துவிட்டார் என்று மகிழ்ந்தோம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறல் எம் கடமை. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் முதல் இந்நாட்டில் செய்யப்படும் ஏர் பிரேக்கு வண்டிகளில், தானாகவே தேய்மானத்தை ஈடுசெய்யும் அட்ஜஸ்டர் இருத்தல் வேண்டுமென்பது சட்டம். அதனைக் கண்டு, இனி அளக்க வேண்டுவதில்லை என்று சிலர் நினைக்கின்றனர். மற்றுஞ் சிலர் அது தளர்ந்திருக்கக் கண்டு, பழைய வகையைப் போலக் கையாற் திருகிவிட்டு அமைகின்றனர். இரண்டும் அபாயமே. தானே சரிசெய்ய வேண்டிய கருவி சரிசெய்யவில்லையாயின், அதனுள்ளோ, கேமின் புஷ்ஷிலோ, பிற உறுப்பிலோ ஒரு பழுது உண்டு என்பதே பொருள். கையாற் திருகுதல் அப்பழுதை மறைக்குமேயன்றி நீக்காது. சில நாட்களில் அது முன்னிலைக்கே திரும்பும். அண்ணாச்சியின் வண்டி 1992-இல் செய்யப்பட்டதாய், கையாற் திருகும் பழைய வகையைக் கொண்டிருந்தமையாலேயே, அன்று யாம் திருகினோம்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் புறப்பட்டனர். முதல் இறக்கம் வரை யாமும் அண்ணாச்சியின் அருகிலமர்ந்து சென்றோம். எம் இல்லாள் காரில் பின்தொடர்ந்தார். 1973-இல் திறக்கப்பட்ட ஐசனோவர் குகைவழி, மலையின் வயிற்றுள் ஒன்றே முக்கால் மைல் அளவு செல்கின்றது. அதன் மேற்கு வாயிலை அடையுமுன்னரே கியரைத் தாழ்த்தச் சொன்னோம். இறக்கம் தொடங்கி வேகம் ஏறிய பிறகு கியரைத் தாழ்த்த முயல்பவர், வெள்ளம் வந்தபின் அணை கட்டுபவரை ஒப்பர். எஞ்சினின் புகைவழியை அடைத்து வண்டியைப் பிடிக்கும் கருவியையும் இயக்கினோம். மணிக்கு 40 மைல் என்பது நாங்கள் குறித்துக்கொண்ட எல்லை. வேகம் 40-ஐத் தொட்டதும் அண்ணாச்சி பிரேக்கை உறுதியாக அழுத்துவார்; 35-க்கு இறங்கியதும் முற்றும் விட்டுவிடுவார். ஓர் அழுத்தத்துக்கு மூன்று வினாடி ஆகும். பின்னர் மீண்டும் 40 வரும்வரை காலை எடுத்துவிடுவார். பயந்து மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே இறங்குபவர் டிரம்மை இடைவிடாமல் அடுப்பில் வைத்திருக்கின்றனர்.

வழியில், பிரேக்கு இழந்த வண்டிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்று மலைப்பக்கமாய் மேல்நோக்கி அமைத்த சரளைப் பாதை ஒன்றைக் கண்டோம். ஆழ்ந்த சரளையில் இரு சக்கரத் தடங்கள் பதிந்திருந்தன. அண்மையில் யாரோ ஏறியிருக்கின்றனர். மதினி அதனைப் பார்த்தார், பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. அடிவாரத்தில் சில்வர்தார்ன் என்னும் ஊரில் வண்டியை நிறுத்தி, தொடாமலே உஷ்ணம் காட்டும் கருவியால் நான்கு டிரம்களையும் நோக்கினோம். எல்லாம் சூடாயிருந்தன, ஆனால் ஏறக்குறைய ஒரே சூடு. அதுவே யாம் வேண்டிய விடை. அங்கிருந்து யாம் திரும்பினோம். பிற்பகலில், மகள் வீடு சேர்ந்ததாக அண்ணாச்சி செய்தி அனுப்பினார்.

ஒரே சூடு என்றதன் பொருளைச் சற்று விரித்தல் தகும். ஒரு சக்கரத்தின் பிரேக்கு தளர்ந்திருந்தால், அது தன் பங்கைச் செய்யாது, குளிர்ந்தே இருக்கும். அது செய்யாத பங்கை மற்றச் சக்கரங்கள் சுமக்கும். அவை மிகுதியாய்ச் சூடேறும். அவற்றின் டிரம் விரியும். லைனிங்கின் பிடிப்புக் குறையும். அவையும் ஒவ்வொன்றாய்த் தளரும். உழைத்தவையே முதலில் கெடும். நீலகிரி மலை ரயிலில் சென்ற நம் மாணவர், ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியே ஒரு பிரேக்குக்காரர் நிற்பதைக் கண்டிருப்பர். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறக்குறைய பன்னிரண்டடிக்கு ஓரடி என்னும் கொடிய சரிவில், எஞ்சின் ஊதும் குறிப்பைக் கேட்டு, அவரவர் தம் பெட்டியைத் தாமே பிடிக்கின்றனர். 1908-இல் உதகமண்டலம் வரை நீண்ட அவ்விருப்புப் பாதையை அமைத்தோர், ஒன்று உழைக்க மற்றவை சும்மா இருத்தல் மலைக்கு ஆகாது என்பதை அறிந்திருந்தனர்.

மாணவ அன்பர்காள்! பட்டம் பெற்றோர் வண்டியின் அடியிற் புகுந்து படுத்தல் இழிவென்று எண்ணும் காலம் இன்னும் முற்றும் ஒழிந்ததென்று சொல்லுதற்கில்லை. நீங்கள் வகுப்பறையில் பயிலும் விரிவு விதியும், நெம்புகோல் விதியும், சக்தியின் காப்பு விதியும், யாருடைய உயிரையோ தாங்கிக்கொண்டு அங்கேதான் படுத்திருக்கின்றன. எல்லாரும் பட்டறைத் தொழில் கற்க வேண்டுமென்று யாம் கூறவில்லை. பழகாதவர் பிரேக்கில் கைவைத்தலும் ஆகாது. ஆனால் கேட்பது எல்லாராலும் இயலும். விடுமுறையில் நீங்கள் வாடகைப் பேருந்தில் கொல்லிமலைக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படும்போது, பாட்டுப் பெட்டி இருக்கின்றதா என்று கேட்குமுன், பிரேக்கை எப்போது அளந்தனர், அளவு என்ன என்று மரியாதையோடு கேளுங்கள். "நன்றாய்ப் பிடிக்கும், தம்பி" என்று ஓட்டுநர் விடையளித்தால், அவரை ஐயுற வேண்டா. அவர் தம் கால் அறிந்ததைக் கூறுகின்றார். அளவை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள்.